உக்கும் நூல்

ஒக்டோபர் 21

இன்று வேலைக்குப் போனேன். வாசலில் நின்ற யூருன், "கூலா, நீ வர வேண்டியதில்லை. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வீட்டில் இரு" என்றாள். அவள்தான் எங்கள் நண்டு நிலையத்துக்குப் பொறுப்பு. நல்ல மனுசிதான். ஆனால் வீட்டில் இருந்து நான் எதைப் பார்க்கிறது? சுவரையா, மனைவி மலரின் முகத்தையா? சப்பாத்தை மாற்றிக்கொண்டு தொட்டியடிக்குப் போய்விட்டேன்.

குலேந்திரன் என்ற என் பெயரை இந்த ஊர்ச்சனம் முப்பது வருடமாகக் கூலா என்றுதான் சுருக்கி வைத்திருக்கிறது. நோர்வேயின் வடகோடி இது. இதற்கு மேலே ஊர் கிடையாது. படகுகள் உயிரோடு கொண்டுவரும் ராஜநண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கால்களைச் சரிபார்த்து, தொடைப்பக்கம் அமத்திச் சதை இருக்கிறதா என்று பார்த்து, குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில் விடுவது என் வேலை. நல்ல ஆண் நண்டு ஒன்று காலை விரித்தால் என் உயரம் வரும். வயிறு காலியாகும்வரை பட்டினி போட்டு, பிறகு பெட்டியில் அடைத்து விமானத்தில் கொரியாவுக்கு அனுப்புவோம். நண்டுகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துகிறார் அப்பா என்று துவாரகன் பகிடி பண்ணுவான்.

துவாரகன் என் மகன். ஒரே பிள்ளை. போன வியாழக்கிழமை தன் படகில் நண்டுக்கூடு இறக்கத் தனியே போனான். போனது பள்ளத்துக்கு. மலைகளுக்குள் நுழைந்து கிடக்கிற எங்கள் ஃபியோர்டுக் கடலின் வாயில் இருக்கிற ஆழத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். குளிர் தொடங்கினால் நண்டெல்லாம் மேட்டிலிருந்து இறங்கி அங்கேதான் கூடும். பின்னேரம் படகு மட்டும் பள்ளத்துக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டு நின்றதாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தவன் பக்கத்துப் படகுக்காரன் ஆஸ்லாக். ஹெலிகொப்டர் வந்தது. கடற்காவல் கப்பல் வந்தது. ஊர்ப் படகுகளும் அதோடு போய்த் தேடுகின்றன. காணவில்லை. இப்போதைக்கு அந்தச் சொல்தான் சரி.

ஒக்டோபர் 23

காருக்குப் பனிக்காலச் சில்லு மாற்றினேன். பிறகு இறங்குதுறைக்குப் போய் அவன் படகின் பட்டரியைச் சார்ஜில் போட்டேன். குளிரில் பட்டரி செத்துவிட்டால் வந்து என்னைத்தான் கத்துவான்.

ஒக்டோபர் 27

பொலிஸ்காரி வந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேடுதலை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். மலர் அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். பொலிஸ்காரி போனபிறகு கோப்பையைக் கழுவி, கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினாள்.

"இஞ்சேரும், காணும், வையும்" என்றேன்.

"ஊத்தை போகேல்லையப்பா" என்றாள்.

மத்தியானம் இறங்குதுறையில் நின்று பார்த்தேன். ஊர்ப் படகுகள் எல்லாம் வரிசையாக வெளியே போயின. வாயைத் தாண்டியதும் எல்லாம் கிழக்கே திரும்பின. ஒன்றாவது மேற்கே பள்ளத்துப் பக்கம் மூக்கைத் திருப்பவில்லை. பொலிஸ் நிறுத்தியதும் இவர்களுக்கும் முடிந்துவிட்டது!

நான் பிறந்து வளர்ந்த மயிலிட்டியில் ஒருவன் கடலில் தவறினால் அன்றைக்கு ஒரு வள்ளம் கரையில் நிற்காது. சண்டை பிடித்தவன்கூட வருவான். தவறின இடத்திலேயே வலையை வளைத்து, தூண்டிலைப் போட்டு, ஆளைக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றத் தொழில். நான் பதினாறு வயதில் அப்படி ஒரு முறை போயிருக்கிறேன். இங்கே எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சட்டம். பொலிஸ் வந்து தொப்பியைக் கழற்றினால் சரி.

நவம்பர் 2

முதல் பனி. வாசலை வழித்தேன். முழங்கால் வலி.

இந்த நண்டு இந்த ஊர் நண்டு இல்லை. தூரக் கிழக்கில், பசிபிக் பக்கத்தில் இருந்ததை ரஷ்யாக்காரன் கொண்டுவந்து தன் கடலில் விட்டானாம். அது அடியாலேயே நடந்து நடந்து நோர்வேக்குள் வந்துவிட்டது. துவாரகன் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, இதுவும் உங்களை மாதிரித்தான். விசா இல்லாமல் வந்து வேலைசெய்யுது" என்றான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மலர் சிரித்துச் சிரித்துக் கறியை அடிப்பிடிக்க விட்டாள்.

ட்ரொம்சோவில் படிக்கப் போனவன் இரண்டாம் வருடம் திரும்பி வந்து, படகு வாங்கப் போகிறேன் என்றான். நான் ஏசினேன். கடலை விட்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "நீங்கள் விட்டுட்டு வந்தது உங்கடை கடல். இது என்ரை கடல்" என்றான். படகுக்கு 'மயில்' என்று பெயர் வைத்தான், மயிலிட்டியை நினைத்து. நொஸ்க்காரர், நோர்வேச் சனம், அதை மைல் என்பார்கள். எத்தனை மைல் என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

கூடு கட்டுவதும் பொத்துவதும் மட்டும் என் பங்கு. மனுசன் நின்றால் இடுப்புக்கு வரும் இரும்புச் சட்டக்கூடு, சுற்றிவர வலை. வலையில் ஒரு பக்கம் வெட்டிவிட்டு அந்த வெட்டைப் பருத்தி நூலால் கட்டவேண்டும். நைலோன் கூடாது. ஏனென்றால் கயிறு அறுந்து கூடு கடலடியில் தங்கிவிட்டால், உள்ளே போன நண்டு வெளியே வர வழியில்லாமல் கிடந்து சாகும். அதைத் தின்ன அடுத்தது வரும், அதுவும் மாட்டும். பருத்தி நூல் என்றால் சில மாதத்தில் உக்கிவிடும், வெட்டுத் திறக்கும், எல்லாம் வெளியே போய்விடும். ஆனியில் எல்லாக் கூட்டுக்கும் நான்தான் கட்டினேன். என் அப்பா காட்டித் தந்த வலைமுடிச்சு. கத்தி வைத்தால்தான் அவிழும்.

துவாரகன் கட்டினால் அதற்கு இரண்டு காது இருக்கும். முயல் மாதிரி. "இதென்னடா, நொஸ்க் பள்ளிக்கூடத்து முடிச்சோ? தண்ணிக்குள்ளை ஒரு நாள் நிக்காது" என்பேன். "நிக்குமப்பா" என்பான். அந்த வியாழக்கிழமை காலை ஒரு கூட்டின் நூல் அறுந்திருந்ததாம். நான் ஷிப்டில் நின்றேன். தானே கட்டிக்கொண்டு போனான் என்று மலர் சொன்னாள்.

நவம்பர் 9

ஃப்ரீசரைத் திறந்தேன். காலியாகக் கிடந்தது. கால் முறிந்த நண்டுகளை நிலையத்தில் எங்களுக்குத் தருவார்கள். மலர் துப்புரவாக்கி, பை பையாகக் கட்டி வைத்திருப்பாள். இந்த ஊரில் மலரின் நண்டுக்கறி தின்னாத ஆள் இல்லை. தேசிய தினத்தில் மேயரே வந்து மூக்கைச் சிந்திச் சிந்தித் தின்பார். அந்தப் பை ஒன்றையும் காணவில்லை.

"எங்கையப்பா நண்டெல்லாம்?" என்று மலரைக் கேட்டேன்.

"ஃப்ரீசர் பழுது. எறிஞ்சிட்டன்."

ஃப்ரீசர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. மூடிவிட்டு வந்து மரக்கறியோடு சோறு தின்றேன்.

நவம்பர் 16

ஒஸ்லோவிலிருந்து ஐயர் ரெலிபோனில் கதைத்தார். மலர்தான் எடுத்திருக்கிறாள். எனக்குச் சொல்லாமல் எடுத்துவிட்டு, ரெலிபோனை என் கையில் திணித்தாள்.

"உடம்பு கிடைக்கேல்லையெண்டாலும் வழி இருக்கு, தம்பி. தர்ப்பையிலை உருவம் செய்து, அதுக்குத் தகனம் செய்யலாம். பிறகு அந்தியேட்டிக் கிரியை. பிள்ளையின்ரை ஆத்மா அந்தரிக்கக் கூடாது" என்றார்.

"புல்லுக்குக் கொள்ளி வைக்கச் சொல்லுறியளே, ஐயா?" என்றேன்.

"தம்பி, அப்பிடியில்லை…"

"எனக்கு அவன் வைக்கவேண்டிய கொள்ளி. அதை நான் வைக்கிறதே கோதாரி. அதிலையும் புல்லுக்கு!" ரெலிபோனை வைத்துவிட்டேன்.

மலர் குசினிக்குள் நின்று முழுக்கக் கேட்டாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "அவன் பசியோடை நிப்பான், குலா" என்று மட்டும் சொன்னாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருவன் இறந்துவிட்டான் என்றால் இறந்ததற்கு ஏதாவது இருக்கவேண்டும். ஒரு சப்பாத்து, ஒரு தொப்பி, ஒரு விரல். ஒன்றும் தராமல் நம்பு என்றால் எப்படி நம்புவது? ஏதாவது ஒன்று கையில் வரட்டும். அதற்குப் பிறகு ஐயர் சொன்ன எல்லாம் செய்கிறேன்.

நவம்பர் 17

பட்டரி சார்ஜ் போட்டேன்.

நவம்பர் 24

இன்றோடு சூரியன் போய்விட்டது. இனித் தை மாதம் பாதியில்தான் வரும். மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

நண்டு வரத்துக் குறைவு. தொட்டிகள் பாதி காலி. வருவதும் சோர்ந்துபோய் வருகிறது. இவர்கள் கிழக்கே எங்கேயோ தூரத்தில் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு படகு வந்து கட்டும்போதும், "எந்த இடத்து நண்டு?" என்று கேட்கிறேன். யூருன் இன்று என்னைப் பார்த்து, "ஏன் கேட்கிறாய், கூலா? அதைப் பதிவதற்கு வேறு ஆள் இருக்கிறதே" என்றாள். சும்மா தெரிந்துகொள்ள, என்றேன்.

எனக்கே இதை எழுதாமல் விட்டால் வேறு யாரிடம் சொல்வது? இந்த நண்டு எதையும் தின்னும். நட்சத்திர மீன், சிப்பி, புழு, கடல்முள்ளி, செத்துத் தாழ்ந்த மீன். கடலடியில் விழுவது ஒன்றையும் விடாது. பெரிய வலக்கொடுக்கால் நொறுக்கும், சின்ன இடக்கொடுக்கால் பக்குவமாகப் பிய்த்து வாயில் வைக்கும். இருபது வருடமாகப் பார்த்து ரசித்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் நான்தான் தூக்கிக் காட்டி விளக்கம் சொல்லுவேன். இப்போது தொட்டிக்குள் கை விட்டு ஒன்றைத் தூக்குகிறேன். தொடையை அமத்துகிறேன். நல்ல சதை. நீ எங்கே தின்றாய், என்ன தின்றாய் என்று அதைக் கேட்கிறேன். வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன், பக்கத்தில் நின்ற லித்துவேனியாக்காரப் பெடியன் திரும்பிப் பார்த்தான்.

மலர் ஏன் எறிந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைக்க மாட்டோம்.

டிசம்பர் 6

வாசலில் யாரோ கேக் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன கிழமை விறகு. அதற்கு முந்தின கிழமை கையால் பின்னின இரண்டு சோடிக் காலுறை. மணி அடிப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை. வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். கடையில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டித் தட்டைப் பார்க்கிறார்கள்.

கேக் வைக்கத் தெரியுது. விறகு அடுக்கத் தெரியுது. மேற்கே ஒரு தரம் போய்ப் பார்க்கத் தெரியேல்லை! நானே போயிருப்பேன். ஆனால் குளிர்காலக் கடலில் எனக்குப் படகு ஓட்ட அனுமதியும் இல்லை, உடம்பும் இல்லை.

"கேக் எப்பிடி?" என்று மலரைக் கேட்டேன்.

"ஏலக்காய் போட்டிருக்கினம். எங்களுக்கெண்டு போட்டிருக்கினம்" என்றாள். ஒரு துண்டு தின்று, கொஞ்ச நேரம் அழுதாள்.

டிசம்பர் 19

ஒழுங்காக எழுத முயற்சிக்கிறேன்.

ஆஸ்லாக் மத்தியானம் வந்து கட்டினான். பெட்டி பெட்டியாக இறக்கினோம். பாதிக்கு மேல் செத்த நண்டு. செத்தால் சதை நீலமாகப் போய்விடும். ஒன்றுக்கும் உதவாது. அப்படியே கடலில் கொட்டவேண்டியதுதான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்ன இது?" என்றேன். "எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டு வருகிறாய்?"

"கிழக்கு முனைக்கு அங்காலே. ஒரு நாள் ஓட்டம். காற்று வேறு" என்றான். அவன் முகம் களைத்துப்போய் இருந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

"கண்முன்னால் பள்ளம் கிடக்கிறது! அங்கே போனால் பின்னேரம் திரும்பி வரலாம். ஏன் போகவில்லை? சொல்லட்டுமா? அங்கே போனால் என் மகனைத் தேடவேண்டி வரும். ஒரு கூட்டை இழுத்தால் எதையாவது காணவேண்டி வரும். அதுதானே பயம்? ஒருவராவது போனீர்களா? ரெண்டு மாதமாக ஒருத்தனாவது அந்தப் பக்கம் போனானா?" நொஸ்க்கில் தொடங்கித் தமிழில் முடித்தேன். என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. நல்ல வார்த்தைகள் இல்லை.

இறங்குதுறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்லாக்கின் முகம் வெள்ளையாகப் போனது. கையுறையைக் கழற்றினான்.

"கூலா," என்றான், "நாங்கள் நீ சொல்லும்வரை காத்திருக்கிறோம்."

"எதைச் சொல்லும்வரை?"

"ஒருவன் தங்கிவிட்ட தண்ணீரில், அவன் வீட்டார் சொல்லும்வரை, இந்த ஊரில் யாரும் கூடு இறக்குவதில்லை. வலையும் போடுவதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது என் மாமா கடலோடு போனார். என் மாமி வந்து சொல்லும்வரை ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு படகும் அந்த இடத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கடவுள் புண்ணியத்தில் யாரும் அப்படிக் கடலோடு போகவில்லை, துவாரகன் போகும்வரை." அவன் பெயரைச் சரியாகச் சொன்னான். "உனக்குத் தெரியும் என்று நினைத்தோம்."

"எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? ஏன் என்னைக் கேட்கவில்லை?"

"அதைக் கேட்பதா?" என்றான் ஆஸ்லாக். "ஒரு தகப்பனிடம் போய், 'நாங்கள் இனி அங்கே நண்டு பிடிக்கலாமா' என்று எப்படிக் கேட்பது?"

வருடம் முடிய இன்னும் சில நாள்தான். ஒவ்வொரு படகுக்கும் அரசு அளந்துவைத்த பங்கை அதற்குள் பிடிக்காவிட்டால் பிறகு கிடையாது. அது எனக்குத் தெரியும், இந்த ஊரில் பூனைக்கும் தெரியும். இவர்கள் எல்லோரும் பள்ளத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஓடி, செத்த நண்டைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். நான் கடையில் அவர்களுடைய குனிந்த தலையைப் பார்த்து வஞ்சகர் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அவன் கூடுகள்?" என்று கேட்டேன்.

"அங்கேதான். யாரும் தொடவில்லை. அது உங்களுடையது."

நண்டுப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். யூருன் வந்து தோளில் கை வைத்தாள். விசரன் மாதிரி அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

டிசம்பர் 20

மலரிடம் சொன்னேன். அவள் எழுந்து போய், பின்னிக் கொடுத்த காலுறைகளை எடுத்து ஒரு சோடியைத் தான் போட்டாள், மற்றச் சோடியை என்னிடம் நீட்டினாள்.

"போடுங்கோப்பா. அதுகள் எங்களுக்காக எவ்வளவு பட்டிருக்குதுகள்."

"நான் போய் அவன்ரை கூடுகளைத் தூக்கப்போறன்" என்றேன்.

"தூக்கினால் என்ன வரும்?"

"தெரியாது."

"என்ன வந்தாலும் எனக்குச் சொல்லவேணும். மறைக்கக் கூடாது."

"சொல்லுறன்."

டிசம்பர் 24

புயல். படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஆஸ்லாக் வந்து கதவில் தட்டினான். முதல் முறையாகத் தட்டினான். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, காற்று விழுந்ததும் எல்லோரும் போவோம் என்றான். எல்லோரும் என்றால், என்று கேட்டேன். எல்லோரும்தான், என்றான்.

டிசம்பர் 28

போய் வந்தோம்.

மத்தியானத்து நீல வெளிச்சத்தில் ஊரில் இருந்த அத்தனை படகும் ஒன்றன் பின் ஒன்றாகப் புறப்பட்டன. வாயைத் தாண்டியதும் மேற்கே திரும்பின. நான் ஆஸ்லாக்கின் படகில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் விளக்கு, விளக்கு, விளக்கு. மயிலிட்டியில் போனது போலவே இருந்தது. பத்து வாரம் பிந்திவிட்டது, ஆனால் வந்தார்கள்.

மற்றப் படகுகள் கடலடியைக் காட்டும் கருவியோடு பள்ளத்தின் மேலே மெல்ல மெல்லப் போய் வந்தன. நாங்கள் கூட்டுக்கயிறு கட்டின துவாரகனின் மிதவைகளைத் தேடினோம். மஞ்சளில் ஒரு மயிலிறகுக் கண் வரைந்திருக்கும். மலர் வரைந்து கொடுத்தது.

முதல் கூடு வர நேரம் எடுத்தது. ஆழம் அவ்வளவு. கயிறு சுற்றச் சுற்ற நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன இருக்கும்? கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது மனம். மூடவில்லை. மலருக்குச் சொல்லவேண்டும். கூடு மேலே வந்து தண்ணீர் வடிந்தது. வெறுமை. நான் ஆனியில் கட்டின நூல் உக்கி, வெட்டுத் திறந்து, வலை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போனதெல்லாம் வெளியே போயிருக்கிறது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும். என் வேலை சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு கவனமாகக் கட்டின முடிச்சுகள் நூலோடு சேர்ந்து இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன.

கடைசிக் கூடு பாரமாக வந்தது. ஆஸ்லாக் என் முகத்தைப் பார்த்தான். "நான் முதலில் பார்க்கட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன்.

நண்டு. உயிரோடு. ஒன்றன் மேல் ஒன்றாக, மெலிந்து, ஓட்டில் சிப்பி படர்ந்து, மெதுவாகக் காலை அசைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. வெட்டு மூடியபடி இருந்தது. நூல் சாம்பல் நிறமாகப் போயிருந்தது, ஆனால் உக்கவில்லை. நான் கட்டினவை போல வெயில் காலம் முழுக்க நனைந்து காய்ந்த நூல் இல்லை இது, அன்றைக்குக் காலை புதிதாகக் கட்டினது. முடிச்சுக்கு இரண்டு காது இருந்தது.

ஆஸ்லாக் கத்தியை நீட்டினான். நான் வாங்கவில்லை. கையுறையைக் கழற்றி, ஒரு காதின் நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுவையில் அவிழ்ந்தது. ஒரு நாள் நிற்காது என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இந்தக் குளிருக்குள், இந்த ஆழத்தில், இத்தனை நண்டு உள்ளே கிடந்து முண்டியும் நின்றிருக்கிறது. "நிண்டிருக்கடா," என்று சொன்னேன். "நீ கட்டினது நிண்டிருக்கு."

நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் விட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீருக்குக் கிட்டக் குனிந்து விட்டேன். இவற்றால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அன்று தொடக்கம் அடைபட்டுக் கிடந்தவை இவை. கீழே மற்றவை என்ன செய்தனவோ, அதை நான் இனிக் கேட்கப் போவதில்லை. நண்டு நண்டுக்குரியதைச் செய்யும்.

மற்றப் படகுகளும் ஒன்றும் காணவில்லை. எல்லாம் கிட்ட வந்து எஞ்சினை அடக்கின. எல்லோரும் எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று விளங்கியது. நான் ஆஸ்லாக்கிடம் சொன்னேன், மற்றவர்களுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரத்து: "நாளையிலிருந்து இறக்குங்கள்." ஆஸ்லாக் தொப்பியைக் கழற்றினான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கழற்றினார்கள். அந்தக் குளிரில்.

அவன் கட்டின நூலைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 30

பள்ளத்து நண்டு வந்தது. தொட்டிகள் நிறைந்துவிட்டன. யூருன் அந்தப் பெட்டிகளை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போனாள். நான் பார்க்கிறேன் என்றேன். கால்களைச் சரிபார்த்து, தொடையை அமத்தினேன். நல்ல சதை, முதல் தரம். அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் காற்றில் நின்றேன்.

ஜனவரி 2

இன்று செய்தோம்.

ஒஸ்லோவிலிருந்து தர்ப்பை தபாலில் வந்தது. ஐயர் ரெலிபோன் திரையில் இருந்து சொல்லிக்கொடுத்தார். நான் அவரிடம் அன்றைக்குக் கதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ, தம்பி. புல்லைப் பிரிச்சு எடுங்கோ" என்றார். இறங்குதுறைக்குப் பக்கத்துக் கல்லுக்கரையில் ஆஸ்லாக் பனியை வழித்து, விறகு அடுக்கிவைத்திருந்தான். யூருனும் வந்தாள். ஊர்ச்சனம் கொஞ்சம் தள்ளி நின்றது.

தலைக்கு ஒரு கட்டு, உடம்புக்கு ஒரு கட்டு, கைக்கு, காலுக்கு. புல்லை உருவமாகப் பிடித்துக்கொண்டு, கட்டுவதற்கு நூலைப் பையிலிருந்து எடுத்தேன். அவன் கட்டினது போலவே கட்டவேண்டும் என்று ஆசை. கை வரவில்லை. எத்தனை தரம் தொடங்கினாலும் என் அப்பாவின் வலைமுடிச்சுத்தான் விழுகிறது. அவிழ்க்கிறேன், திரும்பக் கட்டுகிறேன், திரும்பவும் அதுவே விழுகிறது.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மலர்.

"அவன்ரை முடிச்சு. அந்த நொஸ்க் பள்ளிக்கூடத்து முடிச்சு. எனக்கு வரேல்லை."

மலர் என்னைப் பார்த்தாள். பத்து வாரத்தில் முதல் தரம் அவள் முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சிரிப்பு வந்தது.

"உங்களுக்கு ஆர் சொன்னது அது பள்ளிக்கூடத்து முடிச்செண்டு? அது என்ரை முடிச்சு. நீங்கள் ரெண்டு ஷிப்ட் செய்துகொண்டு திரிஞ்ச காலம். அவனுக்குச் சப்பாத்துக் கட்டத் தெரியாமல் அழுவான். நான்தான் கைபிடிச்சுக் காட்டிக் குடுத்தனான். இஞ்சை தாங்கோ."

தந்தேன். கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, புல்லின் நெஞ்சைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து, ஒரு காது வைத்தாள், மற்றக் காதையும் வைத்தாள், இழுத்து இறுக்கினாள். நான் ஏசிய அதே முடிச்சு. அதைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது பிள்ளையைக் குனிந்து பார்ப்பது போல.

"இனி வையுங்கோ" என்றாள்.

வைத்தேன். தர்ப்பை காய்ந்த புல், உடனே பிடித்துவிட்டது. கடலுக்குள் கிடந்த நூல் கடைசியாகத்தான் எரிந்தது.